சுரைக்காய் சேர்க்காத வீடு

மார்ச் 4, சனி

நகர நூலகத்தின் மாடியில் இன்று ஒரு பேச்சு கேட்டேன். ‘உங்கள் குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி?’ என்று வாசலில் தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நடக்குமாம். எங்கள் ஊர் தைப்பிங்கில் மழை இல்லாத பிற்பகல் அபூர்வம். நனைந்த குடைகளை வரிசையாகச் சாய்த்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் உள்ளே போய் உட்கார்ந்தோம்.

பேசிய பெண்ணின் பெயர் ஷர்மினி. அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறாள், சின்ன வயது. எடுத்த எடுப்பில், “தாத்தாவோட அப்பா பேர் தெரியாதவங்க கை தூக்குங்க” என்றாள். இருந்த அத்தனை பேரும் தூக்கினோம். யாரும் சிரிக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் அத்தனை கைகளும் தண்ணீருக்கடியில் ஆடும் செடிகள் மாதிரி மெல்ல அசைந்தன. எனக்கு அது ஏனோ ஆறுதலாக இருந்தது.

“தேடுறது ஒரு பக்கம் இருக்கட்டும். தேடுற உங்களுக்கு என்ன நடக்குதுன்னு தேதி போட்டு எழுதி வைங்க” என்றும் சொன்னாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால், தபால் நிலையத்தில் இத்தனை வருடம் மற்றவர்கள் எழுதியதற்கு முத்திரை குத்திய எனக்கு எழுத என்ன இருக்கிறது?

நான் போன காரணம் அப்பா. சென்ற ஐப்பசியில் அப்பா இறந்தபோது, சடங்கு செய்ய வந்தவர் “குலதெய்வம் யாரும்மா?” என்று கேட்டார். என் தம்பி சிவபாலன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். “சரி, பிள்ளையார்னு வெச்சுக்கலாம்” என்று அவரே சொல்லிவிட்டார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது, அவருக்கு அவசரம். ஆனால் அந்த ‘வெச்சுக்கலாம்’ இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

பக்கத்து நாற்காலிக்காரர் எழுதுவதற்கு எதுவும் கொண்டுவரவில்லை. என் பென்சிலைக் கொடுத்தேன். திருப்பித் தரும்போது பேனாக்கத்தியால் அழகாகச் சீவிக் கொடுத்தார். பெயர் வடமலை. தண்ணீர் இலாகாவில் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

மார்ச் 7

அப்பாவின் அலமாரியை இன்றுதான் திறந்தேன். சட்டைகளை மடித்துக் கோயிலுக்குக் கொடுக்க எடுத்து வைத்தேன். நீலச் சட்டை ஒன்றை மட்டும் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

மார்ச் 12

தெரிந்ததையெல்லாம் எழுதிப் பார்க்கச் சொல்லியிருந்தாள் ஷர்மினி. எழுதினேன். பாதித் தாள்கூட வரவில்லை.

அப்பா பெயர் சின்னையா. பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அப்பாவை சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அவருடைய அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அதன் பிறகு யார் யாரோ சோறு போட்டு வளர்த்த பிள்ளை. “நம்ம ஊர் எதுப்பா?” என்று கேட்டால், “ஆத்தங்கரைப் பக்கம்” என்பார். எந்த ஆறு என்று அவருக்கும் தெரியாது.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே என் அம்மாவும் போய்விட்டார். பிறகு எங்கள் வீட்டில் சமையல் அப்பாதான். பாசாரில் காய்கறி பார்த்துப் பார்த்து வாங்குவார்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எழுத வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஈப்போவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பலகாரமெல்லாம் ஆன பிறகு, “உங்க குலதெய்வம் எது, எந்த ஊரு?” என்று கேட்டார்கள். அப்பா விழித்தார். “முறை தெரியாம எப்படிங்க சம்பந்தம் வெச்சுக்கறது?” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அதற்கு முன்பு வந்தவர்களும் பின்பு வந்தவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று நான் கட்டியிருந்தது மாம்பழ நிறப் புடவை, அரக்குக் கரை. மாப்பிள்ளையின் சட்டைப்பையில் ஒரு மைக்கறை, காசு அளவுக்கு. வேறொன்றும் நினைவில்லை.

மார்ச் 19

விடியற்காலையில் கனவு. அப்பா ரப்பர் மரங்களுக்கு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். மரங்களின் கால்களைச் சுற்றித் தண்ணீர். நான் கூப்பிடுகிறேன். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டேன் என்று விழித்தபோது மறந்துவிட்டது.

கூரைத் தகரத்தில் ஓட்டை. ஆளுக்குச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 1, சனி

இரண்டாவது பேச்சு. பெரியவர்களிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பதைப் பற்றி.

“பேர் கேக்காதீங்க, வருஷம் கேக்காதீங்க. அதுல பயந்துடுவாங்க. என்ன சாப்பிட்டாங்க, எதுக்குப் பயந்தாங்க, எதைச் செய்யவே மாட்டாங்க, அதைக் கேளுங்க” என்றாள் ஷர்மினி. பழகிப் பார்க்க எங்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தாள். எனக்கு வடமலை.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, “மழ பெய்ஞ்சா உங்க அப்பா என்னா செய்வாரு?” என்று கேட்டார்.

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. “கதவைத் திறந்து வெப்பாரு. எல்லாரும் சாத்துவாங்க. அவரு மட்டும் திறந்து வெச்சுட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாரு” என்றேன். சொல்லும்போதுதான் அப்பா அப்படி உட்கார்ந்திருப்பதை நானே முதல் தடவையாகப் பார்ப்பது போல் இருந்தது. அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

என் முறை வந்தது. மனைவி தவறி ஆறேழு வருடம் ஆகிறதாம். ஒரே மகள், ஆஸ்திரேலியாவில். “அதுதான் போன்ல கேட்டுச்சு, ‘அப்பா, நாம யாரு?’ன்னு. ‘நாம நாமதான்’னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டு வெச்சுருச்சு. அதான் வந்தேன்” என்றார்.

நோன்பு மாதம் என்பதால் நூலகத்துக்குக் கீழே உள்ள மலாய்க்காரர் கடை மூடியிருந்தது. பசி. எதிரே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். பரிமாறுகிறவர் வாளியோடு வந்து “சுரைக்காய்க் கூட்டு” என்று கரண்டியைத் தூக்கினார். இரண்டு இலைகளின் மேலும் ஒரே நேரத்தில் இரண்டு கைகள் குறுக்கே நீண்டன.

“எங்க வீட்ல சேர்க்கமாட்டோம்” என்றேன் நான்.

“எங்க வீட்லயும்தான்” என்றார் அவர்.

ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வெறுமனே ஆகாது. அவ்வளவுதான். அப்பா பாசாரில் சுரைக்காய் அடுக்கியிருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்ததில் பரிமாறுகிறவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

சாம்பாரில் உப்பு குறைவு. ஆனாலும் நன்றாக இருந்தது.

ஏப்ரல் 14

புத்தாண்டு. பாயசம் வைத்தேன். ஒரு ஆளுக்குப் பாயசம் வைப்பது கஷ்டம், எப்படிச் செய்தாலும் அதிகமாகிவிடுகிறது.

காலையில் ஏரிப் பூங்காவில் நடக்கத் தொடங்கியிருக்கிறேன். முட்டிக்கு நல்லது. அங்கே சாலையின் இந்தப் பக்கம் நிற்கும் பெரிய மரங்கள் தலைக்கு மேலே வளைந்து அந்தப் பக்கத்து ஏரியில் கையை நனைத்துக்கொண்டிருக்கும். பனி இருக்கும்போது எது கிளை, எது நிழல் என்று தெரியாது. வடமலையும் அங்கேதான் நடக்கிறார். தற்செயல்தான். அவர் வீடு ஊரின் மறுகோடியில் இருக்கிறது.

மிச்சப் பாயசத்தைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போயிருந்தேன்.

ஏப்ரல் 28

இன்றும் ஏரி. அதிகம் பேசவில்லை. ஊரின் அடியில் எந்தக் குழாய் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. “இப்ப நாம நிக்கிறோமே, இதுக்குக் கீழ தண்ணி ஓடுது” என்றார். நின்று காலடியில் கேட்டுப் பார்த்தேன். கேட்டது போலத்தான் இருந்தது.

மே 6, சனி

இன்றைய பேச்சு குலதெய்வம் பற்றி. நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

“சாமியோட பேர் மறந்துபோகும், ஊர் மறந்துபோகும். ஆனா ‘இது நமக்கு ஆகாது’ன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அது மறக்காது. சமையலறையில போய்த் தங்கிடும். சில வீட்ல ஒரு காய், சில வீட்ல ஒரு மரம். ரெண்டு வீட்ல ஒரே விலக்கு இருந்தா, அவங்களுக்கு ஒரே சாமியா இருக்க வாய்ப்பிருக்கு” என்றாள் ஷர்மினி.

நான் கையைத் தூக்கிவிட்டேன். எதற்காகத் தூக்கினேனோ. சுரைக்காயைப் பற்றிச் சொன்னேன். வடமலை வீட்டிலும் அப்படித்தான் என்று சொன்னேன். எனக்கே குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது.

ஷர்மினிக்கு அப்படி ஒரு சந்தோஷம். கைதட்டினாள். “ஒரே சாமின்னா பங்காளி வீடு! நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி முறை! பாத்தீங்களா, இந்த ரூமுக்குள்ளயே ஒரு சொந்தத்தைக் கண்டுபிடிச்சிட்டோம்!” என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தாள்.

படம் எடுத்ததும் வடமலை போய் ஜன்னலைச் சாத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து சாரல் எதுவும் அடிக்கவில்லை.

சொந்தம் கிடைத்தது நல்ல விஷயம். எனக்கு அண்ணன் இருந்ததில்லை, தம்பி மட்டும்தான்.

மே 7

மழை.

மே 11

காலையில் ஏரிக்குப் போகவில்லை. முட்டி இப்போது தேவலை.

மே 20

பிற்பகலில் கைப்பேசி அடித்தது. அவர் பெயர் தெரிந்தது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததால் எடுக்க முடியவில்லை.

நாள் முழுக்க மழை.

ஜூன் 3, சனி

பேச்சுக்குப் போகவில்லை. வீட்டுக்கு முன்னால் உள்ள வாய்க்காலில் இலை அடைத்திருந்தது, சுத்தம் செய்தேன். தம்பி ஈப்போவிலிருந்து பேசினான். “என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?” என்றான். சளி என்றேன்.

பிற்பகல் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டேன். வீடு மிதந்துகொண்டிருந்தது. சுவர், பீரோ, காலண்டர், எல்லாம் அப்படியே. ஜன்னலுக்கு வெளியே மட்டும் ஊர் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இல்லை. எங்கே போய் ஒதுங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்தபோது நூலகத்தில் கூட்டம் கலையும் நேரம்.

ஜூன் 18, ஞாயிறு

வாசலில் குடையோடு வடமலை நின்றார்.

“உள்ள வாங்க” என்றேன்.

“இல்ல, பரவால்ல. காலெல்லாம் சேறு.” மழையில் நின்றபடியே பேசினார். “அந்தப் பொண்ணு சொன்னது எனக்குச் சரியாப் படல.”

“எது?”

“அதான். சுரைக்காய்.”

அவர் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“பாரிட் புந்தார்ல எங்க அக்கா இருக்கு. பொன்னம்மாக்கா. எழுவது தாண்டிருச்சு, ஆனா எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கும். நாம போயி ஒரு வார்த்த கேக்கணும். எனக்குக் கேக்க வராது. நீங்கதான் நல்லாக் கேப்பீங்க.”

“என்னன்னு கேக்கணும்?”

அவர் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், “எது எங்கேருந்து வந்துச்சுன்னு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றேன். ஆராய்ச்சி என்று ஆரம்பித்த பிறகு பாதியில் விடுவது முறையில்லை.

இவ்வளவு பேசியும் அவர் என்னைத் தங்கச்சி என்று சொல்லவில்லை. நானும் அண்ணே என்று சொல்லவில்லை.

ஜூன் 25, ஞாயிறு

விரிவாக எழுத வேண்டும்.

காலையிலேயே அவரே ஓட்ட, அவருடைய பழைய காடியில் கிளம்பினோம். பாரிட் புந்தார் நெருங்க நெருங்க மலைகள் பின்வாங்கி, இரண்டு பக்கமும் வயல். நாற்று நட்டுத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். தண்ணீரில் வானம் கிடந்தது. சாலை மட்டும் நடுவில் நூல் மாதிரி ஓடியது. மேலேயும் மேகம், கீழேயும் மேகம். இரண்டுக்கும் நடுவே நாங்கள் போவதாகவே தோன்றவில்லை, யாரோ எங்களைப் பிடித்து நகர்த்துவது போல் இருந்தது. அவர் வானொலியைக்கூடப் போடவில்லை.

பொன்னம்மா அக்கா வாய்க்கால் ஓரத்துப் பலகை வீட்டில் இருக்கிறார். முற்றம் முழுக்க வாத்து. எங்களைப் பார்த்ததும் தீவனக் கிண்ணத்தை வைத்துவிட்டு, “வாம்மா, பசியாறிட்டீங்களா? இவன் யாரையும் இங்க கூட்டிட்டு வந்ததே கிடையாதே” என்றார். கோப்பி போட்டுக் கொடுத்தார். வடமலை கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

நானே கேட்டேன். “அக்கா, உங்க வீட்ல சுரைக்காய் சேர்க்கமாட்டீங்களாமே. அப்பா அந்த விலக்கைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரா?”

“யாரு, எங்கப்பாவா?” அக்கா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. “அந்த மனுசனுக்குச் சுரைக்காய்ன்னா உசுரு! அடுத்த வீட்டுல எறாலும் சுரைக்காயும் போட்டுக் கொழம்பு வெச்சா, ஒளிஞ்சு போயித் தின்னுட்டு வருவாரு. அம்மா வாய மோந்து பாக்கும். அன்னிக்கு அவருக்கு வெளியதான் படுக்கை.”

வடமலையின் கரண்டி நின்றது. “அப்ப அது அப்பா வழி இல்லியா?”

“அம்மா பொறந்த வீட்டு வழக்கம்டா அது. ஆக்குற கை அம்மா கை. அது ஆக்கல, நாம திங்கல. நீ கடைசிப் புள்ள, ஒனக்கு என்னா தெரியும்?”

எனக்குக் காதுக்குள் ஒரு இரைச்சல். வாத்துகளின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. “அம்மா வீட்ல ஏன் அப்படின்னு சொல்லியிருக்காங்களா?” என்று கேட்டேன். என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அக்கா சொன்னார். “அம்மாவோட ஆளுங்க காவேரிக் கரை. முன்னொரு காலத்துல பெரிய வெள்ளம் வந்துச்சாம். ஊரே போச்சு. ஒரு புள்ளத்தாச்சிப் பொம்பள, காஞ்ச சுரைக்குடுக்கையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு மெதந்துக்கிட்டே வந்தாளாம். எத்தினி நாளு மெதந்தாளோ. கரையேறுன எடத்துல புள்ள பொறந்துச்சு. அந்தப் புள்ள வழி வந்தவங்கதான் எல்லாரும். அவளத்தான் கும்புடுவாங்க. அவளத் தாங்குனத நாம திங்கலாமா? அதான்.”

“பேரு என்னக்கா?”

“மெதந்தாயி.”

நான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மெதந்தாயி. அப்பா இத்தனை வருடம் பாசாரில் திரும்பிப் பார்க்காமல் நடந்தது இவளுக்காகத்தான். யார் என்று தெரியாமலேயே. கண்ணில் நீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அக்கா வெளியே பார்த்தார். வெயில் இல்லை.

“எந்த ஊருன்னு தெரியுமாக்கா?”

“அது யாருக்குத் தெரியும்? அந்த ஆறு எவ்ளோ தூரம் ஓடுதோ, நின்னு நின்னு தேடு.” பிறகு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்க வீட்லயும் சேர்க்கமாட்டீங்களா? உனக்கு யார் வழி?”

“அப்பா வழிக்கா. எங்க வீட்ல ஆக்குனது அப்பாதான்.”

“அப்ப எங்கம்மா உனக்கு அத்த மொற” என்றார் அக்கா. எழுந்து தீவனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். “ஏன்டா வடமல, இத எதுக்குடா இம்புட்டுத் தூரம் வந்து கேக்குற?”

“ஆராய்ச்சிக்கா.”

“ஆராய்ச்சி!” வாத்துகளிடம் போகும்போது அக்காவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

திரும்பும்போது நாங்கள் வயல்களைப் பற்றிப் பேசினோம். தைப்பிங் வந்ததும் என் தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டார். வளைத்துத் திருப்பிக்கொண்டு வந்தவர் மறுபடியும் தாண்டினார். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூன் 26

சாமி அலமாரியில் ஒரு இடம் ஒதுக்கினேன். படம் இல்லை. ஒரு செம்பில் தண்ணீர் வைத்து, அதில் ஒரு பூவை மிதக்கவிட்டேன். பெயரைச் சொன்னேன். தம்பிக்கும் போன் செய்து சொன்னேன். “அப்பா இருந்திருக்கலாம்க்கா” என்றான்.

ஜூலை 1, சனி

இன்று கப்பல் பயணிகளைப் பற்றிய பேச்சு. எந்தத் துறைமுகம், எத்தனை நாள் பயணம் என்றெல்லாம் ஷர்மினி சொன்னாள். பாதி என் காதில் விழவில்லை.

“கேள்வி இருந்தா கேக்கலாம்” என்றதும் வடமலை எழுந்தார். இந்த மனிதர் இதுவரை கூட்டத்தில் வாயைத் திறந்ததே இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“கேள்வி இல்லம்மா. மே மாசம் நீங்க ஒண்ணு சொன்னீங்க. அது தப்பு.”

“எது அங்கிள்?”

“சுரைக்காய் எங்க அப்பா வழி இல்ல. அம்மா வழி. எங்க அக்காகிட்டப் போயிக் கேட்டுட்டு வந்தோம். அதனால இவங்களும் நானும் பங்காளி இல்ல.” நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். “அண்ணன் தங்கச்சி இல்ல. இத எல்லாருக்கும் தெரியுற மாதிரி சொல்லணும்னுதான் எழுந்தேன்.”

“ஓ, நல்லது அங்கிள், திருத்திக்கிறேன். ஒரு விலக்கை மட்டும் வெச்சு நான் அவசரப்பட்டிருக்கக் கூடாது. அப்போ இவங்க அப்பா வழி, உங்க அம்மா வழி... அப்ப என்ன முறை வருதுன்னா...” ஷர்மினி விரலை மடக்கிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தினாள்.

“கட்டிக்கிற மொற” என்றார் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா.

கொல்லென்று சிரிப்பு. வடமலை உட்கார்ந்தார். காதுமடல் இரண்டும் செம்பருத்தி நிறம். நான் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தேன். எதுவும் தொலைந்திருக்கவில்லை.

கூட்டம் முடிந்து ஏரிப் பக்கம் நடந்தோம். தூறல். வளைந்த மரங்களுக்கு அடியில் நின்றோம். ஏரியில் மழைப் புள்ளிகள் விரிந்து விரிந்து ஒன்றுக்குள் ஒன்று போய்க்கொண்டிருந்தன.

“கோவமா?” என்றார்.

“எதுக்கு?”

“எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்.”

“உண்மையைத்தானே சொன்னீங்க.”

“உண்மைதான். ஆனா உண்மைக்காக மட்டும் சொல்லல.”

நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் ஏரியைத்தான் பார்த்தார்.

“இன்னும் ஒரு கூட்டம்தான் இருக்காம். அதுக்கப்புறம் உங்களப் பாக்க எனக்குக் காரணம் இல்ல” என்றார். “காரணம் இல்லாம வரலாமா?”

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு பதில் சொல்ல இவ்வளவு மூச்சு தேவைப்படும் என்று நான் நினைத்ததில்லை.

“வாங்க” என்றேன்.

ஜூலை 9, ஞாயிறு

தம்பியை வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை அப்படியே வைத்துவிட்டான்.

“இந்த வயசுலயாக்கா?”

“இந்த வயசுலதான்டா வந்துச்சு.”

எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போனான். காடியில் ஏறிப் போய்விடுவான் என்று நினைத்தேன். சாப்பாட்டை மூடி வைத்தேன். பிறகு திறந்தேன். பிறகு மறுபடி மூடினேன். பத்துப் பதினைந்து வருடமாக நானாக எதையும் அவனிடம் கேட்டதில்லை. இதையும் கேட்கவில்லை, சொல்லத்தான் செய்தேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும், வேண்டாம் என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவேனோ என்று என்மேலேயே எனக்குப் பயமாக இருந்தது. யோசித்துப் பார்த்தேன். விடமாட்டேன். அது தெரிந்ததும் மூடியைத் திறந்து நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

தம்பி திரும்பி வந்தான். வாசலில் நின்றபடியே கேட்டான், “அவரு எப்படிக்கா காடி ஓட்டுவாரு?”

“மெதுவாத்தான்.”

“சீனி வியாதி இருக்கா?”

“எனக்குத்தான் இருக்கு.”

“அதச் சொல்லிட்டியா?”

“முதல்லயே.”

“நல்லாருக்கும்க்கா” என்றான். எதைச் சொன்னான் என்று கேட்கவில்லை. மறுசோறு போட்டுக்கொண்டான்.

ஜூலை 22

வடமலையின் மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து படத்தோடு பேசியது. நான் புடவை மாற்றிக்கொண்டேன். “நாம யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்கன்னுதான் ஆன்ட்டி கேட்டேன். ஒரு ஆளையே கண்டுபிடிச்சுட்டு வந்துட்டாரு” என்று சிரித்தது. பிறகு முகம் மாறி, “அப்பா இப்பல்லாம் போனை எடுக்கும்போதே வேற மாதிரி ஹலோ சொல்றாரு” என்றது. அங்கே குளிரா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 5, சனி

கடைசிப் பேச்சு. கேக் வெட்டினார்கள். ஷர்மினி என்னிடம் வந்து, “ஆன்ட்டி, நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ரொம்ப நாள் தூக்கம் வரல” என்றாள். அவள் கன்னத்தைத் தட்டினேன். நீ சொல்லாவிட்டால் அவர் எழுந்து நின்றிருக்கமாட்டார் என்று சொல்ல நினைத்து, வெட்கமாக இருந்ததால் கேக் நன்றாக இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

கல்யாணப் பதிவு முடிந்தது. பொன்னம்மா அக்கா வாத்து முட்டைகளைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். தம்பி சாட்சிக் கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. உதறினான். அதிகாரியின் மேசை மேல் மை சிதறியது. யாரும் கோபப்படவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

விழிப்பு வந்தது. இன்று மழை இல்லை. திரைச்சீலை வழியாக வெளிச்சம் பால் போல உள்ளே வந்து சுவரில் நிற்கிறது. எழுந்திருக்காமல், தலையணையில் சாய்ந்தபடியே இதை எழுதுகிறேன்.

அடுக்களையில் ஒரு சத்தம். ஒரு கணம் யாரோ என்று நெஞ்சு திக்கென்றது. அப்புறம்தான் நினைவு வந்தது. கோப்பி போடுகிறார். நான் தூங்குகிறேன் என்று நினைத்துப் பூனை மாதிரி நடக்கிறார். எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு கதவாகத் திறந்து, சத்தம் வராமல் மூடுகிறார். ஒரு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்திருப்பார் போல, ஒரு தும்மல். அது மல்லித்தூள். மறுபடி அமைதி. மறுபடி ஒரு கதவு.

சர்க்கரை மேல் தட்டில், ஜன்னல் பக்கம் இருக்கிறது. இங்கிருந்தே குரல் கொடுத்தால் போதும்.

இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும்.